எலும்புக்குள் தண்ணீரும் கொழுப்பும்



அறுபது வயது வரை நாலு பேர் கூடினால் சம்பளக் கமிஷன், பிள்ளைகள் படிப்பு, மனை விலை என்று பேசுவோம். எழுபதைத் தாண்டினால் பேச்சே வேறு. யாருக்கு என்ன ஸ்கேன், எங்கே எடுத்தார்கள், எத்தனை ஆயிரம் ஆயிற்று, ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் பேச்சு. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் எக்ஸ்ரே, அல்ட்ரா சவுண்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டால் மட்டும் "காந்தமுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அதில் ஒரே ஒரு சங்கதியை இன்று எழுதுகிறேன். உடம்புக்குள் எது தண்ணீர், எது கொழுப்பு என்று எம்.ஆர்.ஐ. எந்திரம் எப்படிப் பிரித்துச் சொல்கிறது என்பதுதான் அது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிறந்தபோது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. படித்தது பிரெஞ்சு வழியில். 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்களைப் போன்ற சில பிள்ளைகள் அந்த வழியிலேயே படிப்பை முடித்தோம். பிறகு அங்கேயே அரசாங்கத்தில் எழுத்தர் வேலை. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படித்துக் குறிப்பு எழுத ஆள் தேவைப்பட்டது. என் பிழைப்பு ஓடியது. மனைவிக்கு அந்தியூர்ப் பக்கம். ஓய்வு பெற்றதும் "எங்க ஊருக்குப் போயிரலாமுங்க" என்றாள். வந்துவிட்டோம். கொடிக்கால் காற்றும் பர்கூர் மலையின் நிழலும் எனக்கும் பழகிவிட்டன.

பதினொரு வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பகத்தில் கட்டி வந்து, கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை ஆயிற்று. பிறகு ஆறு தடவை ஊசி. தலைமுடி போயிற்று, சோற்றின் ருசி போயிற்று, இரண்டும் மெல்லத் திரும்பி வந்தன. அதற்கப்புறம் ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை. வருஷா வருஷம் பரிசோதனை. "ஒண்ணுமில்லை" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதே எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் மாசி மாதம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மேடைமேல் வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகில் பிடிப்பு என்றாள். தைலம், ஒத்தடம், இரண்டு நாள் படுக்கை. வலி குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி இருந்தது. ரிப்போர்ட் பாஷையில் எல்-ஒன்.

டாக்டர் நல்லவர். சுற்றி வளைக்கவில்லை. "அம்மாவுக்கு வயசு எழுபது ஆச்சு. எலும்பு மெலிஞ்சு நசுங்கியிருக்கலாம். ஆனா பழைய ஹிஸ்டரி இருக்கறதால இன்னொண்ணையும் பாக்கணும். எம்.ஆர்.ஐ. எடுத்திருங்க" என்றார். அந்த இன்னொன்றின் பெயரை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மார்பகப் புற்று திரும்பி வந்தால் அது குடியேறப் பிடித்த இடங்களில் எலும்பும் ஒன்று என்பது எங்களுக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை ஈரோட்டில் ஸ்கேன். உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்பதால் தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போதே மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் அவள் கொடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுவது போலச் சத்தம். முக்கால் மணி நேரம். முடிந்ததும் அங்கிருந்த பையன், "டாக்டர் ரெண்டு படம் கூடுதலா கேட்டிருந்தாருங்க ஐயா, அதான் நேரமாச்சு" என்றான். "என்ன படம் தம்பி?" என்றேன். "இன் ஃபேஸ், அவுட் ஃபேஸ்" என்றான். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

திரும்பும் வழியில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவள் சொன்னாள்: "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். அது மறுபடியும் வந்திருந்துச்சுன்னா நான் அந்த ஊசிக்கெல்லாம் போக மாட்டனுங்க. ஊட்லயே இருந்துக்கறேன். நீங்க வற்புறுத்தக் கூடாது."

நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கார் அந்தியூர் வந்து சேர்ந்தது.

அன்று இரவு பிரான்சில் இருக்கும் என் தம்பி மகளுக்குப் போன் செய்தேன். அவள் அங்கே ஒரு மருத்துவமனையில் இதே எந்திரத்தை இயக்கும் வேலையில் இருக்கிறாள். எம்.ஆர்.ஐ.க்கு பிரெஞ்சில் இ.எர்.எம். என்பார்கள், எழுத்துகள் அதேதான், வரிசைதான் மாறும். "பெரியப்பா, அந்த ரெண்டு படம் எதுக்குன்னா, எலும்பு மஜ்ஜையில கொழுப்பு மிச்சம் இருக்கான்னு பார்க்க. ஒண்ணு 'ஆன் ஃபாஸ்', இன்னொண்ணு 'ஒப்போசிசியோன் தெ ஃபாஸ்'" என்றாள். அதை அவள் விளக்க, நான் நோட்டில் குறிக்க, அந்த வார இறுதி போயிற்று. வேறென்ன செய்வது? சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது பரவாயில்லை. அந்த நோட்டில் உள்ளதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது பெரும்பாலும் ஹைட்ரஜனை வைத்துத்தான். நம் உடம்பில் ஹைட்ரஜன் மிகுதியாக இருப்பது இரண்டு இடங்களில்: தண்ணீரிலும் கொழுப்பிலும். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிப் பம்பரம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள் போனால் அந்தக் காந்தத்தின் பலத்துக்கு ஏற்ற வேகத்தில் தலையாட்டிச் சுற்றும். ஈரோட்டில் இருந்தது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் பலம். அதற்குள் ஹைட்ரஜன் கரு நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி சுற்றுச் சுற்றுகிறது. ரேடியோ அலையால் அதைத் தட்டிவிட்டால் அதே வேகத்தில் ஒரு சமிக்ஞை திரும்பி வருகிறது. அதைக் கேட்டுத்தான் படம் வரைகிறார்கள்.

இங்கேதான் சுவாரஸ்யம். எல்லா ஹைட்ரஜனும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் போர்வை போல இருக்கின்றன. வெளியில் உள்ள காந்தத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. தண்ணீரில் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் இருப்பது ஆக்சிஜன். அது போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. கொழுப்பில் ஹைட்ரஜன் ஒட்டியிருப்பது கார்பனோடு. அது அவ்வளவு இழுப்பதில்லை, போர்வை கனமாகவே இருக்கிறது. ஆகவே கொழுப்பின் ஹைட்ரஜன் உணரும் காந்தம் ஒரு துளி குறைவு. சுற்றும் வேகமும் ஒரு துளி குறைவு. எவ்வளவு? பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு. 1.5 டெஸ்லாவில் நொடிக்குச் சுமார் 220 சுற்று. 6.4 கோடியில் வெறும் 220!

அணு ஒன்றுதான், ஆனால் அது எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் குரல் மாறும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. 1951இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு என்ற மூவர் எத்தில் ஆல்கஹாலை இப்படிச் சோதித்தார்கள். அதிலுள்ள ஹைட்ரஜன்கள் ஒரே குரலில் பேசவில்லை; மூன்று தனித்தனிக் குரல்கள், ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற அளவில் கேட்டன. அந்த மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் இருக்கும் கணக்கும் அதேதான். அந்த எஸ். எஸ். தர்மட்டி பிறகு இந்தியா திரும்பி, பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார். சாராயத்தை வைத்து இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்பதில் புதுச்சேரிக்காரனாகிய எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அதே 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்பவர், ஓடுகிற திரவத்தில் இந்தச் சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சரி, வேகத்தில் வித்தியாசம் இருக்கிறது. அதை வைத்து எப்படிப் பிரிப்பது? அந்தியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஆடி மாதம் குருநாதசாமி கோவில் பண்டிகையில் குதிரைச் சந்தை கூடுமே, அங்கே ஒரு வட்டப் பாதையில் இரண்டு குதிரைகளை ஒரே இடத்திலிருந்து ஓடவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவானது. முதலில் இரண்டும் சேர்ந்தே ஓடும். நேரம் ஆக ஆக மெதுவான குதிரை பின்தங்கி, ஒரு கட்டத்தில் வட்டத்தின் நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். இன்னும் அதே அளவு நேரம் போனால் முன்னது ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடி, மறுபடி இரண்டும் ஒன்றாகும்.

தண்ணீர் வேகக் குதிரை. கொழுப்பு மெதுவான குதிரை. 1.5 டெஸ்லாவில் ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால், 2.3 பங்கு நேரத்தில் இரண்டும் எதிரெதிராக இருக்கும். 4.6 பங்கு நேரத்தில் சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்கும்போது ஒரு படம், எதிரெதிராக இருக்கும்போது ஒரு படம். முதல் படத்தில் தண்ணீரின் சமிக்ஞையும் கொழுப்பின் சமிக்ஞையும் கூடி வரும். இரண்டாவதில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மிச்சம் மட்டும் வரும். பையன் சொன்ன இன் ஃபேஸ், அவுட் ஃபேஸ் இதுதான்.

இனி வருவது நாம் ஐந்தாம் வகுப்பில் போட்ட கணக்கு. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 100, வித்தியாசம் 40, எண்கள் என்ன? கூட்டினால் 140, அதில் பாதி 70. கழித்தால் 60, அதில் பாதி 30. தீர்ந்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் தண்ணீர் மட்டும் உள்ள படம் ஒன்று, கொழுப்பு மட்டும் உள்ள படம் ஒன்று தனித்தனியாகக் கிடைக்கும். 1984இல் தாமஸ் டிக்சன் என்ற அமெரிக்கர் இதை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார். இன்றும் எந்திரங்களில் அந்த முறைக்கு டிக்சன் என்றே பெயர். கருவூலக் கணக்கையும் அலுவலகக் கணக்கையும் வைத்து ஒத்திசைவு பார்த்தே வயதைக் கழித்தவன் நான். இவ்வளவு பெரிய எந்திரத்தின் வயிற்றுக்குள் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது, அந்த நான்கு நாட்களில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. இரண்டாவது படத்தில் மிச்சம் 40 என்று தெரியும். தண்ணீர் அதிகமா, கொழுப்பு அதிகமா என்று தெரியாது. 70க்கு 30 என்றாலும் மிச்சம் 40தான், 30க்கு 70 என்றாலும் மிச்சம் 40தான். காந்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மனுஷ உடம்பு உள்ளே போனாலே காந்தப்புலம் அங்கங்கே கோணிக்கொள்ளும். அப்போது கணக்கு மாறிப்போய், தண்ணீரைக் கொழுப்பு என்றும் கொழுப்பைத் தண்ணீர் என்றும் எந்திரம் பெயர் மாற்றி எழுதிவிடுவதுண்டு. இதைச் சமாளிக்க 1991இல் குளோவர் என்பவரும் ஷ்னைடர் என்பவரும் மூன்று படங்கள் எடுக்கும் முறையைச் சொன்னார்கள். மூன்றாவது படம் காந்தத்தின் கோணலை அளக்க. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கணக்குகள் இன்னும் தேறிவிட்டன. இருந்தாலும் பார்க்கிற டாக்டரின் கண் இல்லாமல் எந்திரத்தை மட்டும் நம்ப முடியாது என்றாள் தம்பி மகள்.

இந்தச் சமிக்ஞைகளைப் படமாக்கும் கணக்கின் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். ஜோசஃப் ஃபூரியே. 1768இல் ஓசேர் என்ற ஊரில் ஒரு தையற்காரருக்குப் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நெப்போலியன் அவரை கிரெனோபில் நகரில் பிரெஃபே ஆக்கினார். நம் ஊர் கலெக்டர் மாதிரி. அந்த வேலைக்கு நடுவேதான் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியை எழுதினார். 1822இல் அது புத்தகமாயிற்று. எத்தனை அலைகள் கலந்து வந்தாலும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்ற வித்தை அவருடையது. அதை இந்தப் படங்களுக்குப் பொருத்திக் காட்டிய 1975ஆம் வருஷத்துக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: அனில் குமார், வெல்டி, எர்ன்ஸ்ட். சூரிச் நகரில் செய்த வேலை. அந்த அனில் குமார் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். எர்ன்ஸ்டுக்கு 1991இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் எழுதிய கணக்கு, நூற்றைம்பது வருஷம் கழித்து நோயாளியின் முதுகெலும்பைப் படம் பிடிக்க உதவுகிறது. ஆபீஸில் உட்கார்ந்து என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் இனி ஃபூரியே பெயரைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சனிக்கிழமை என் மைத்துனர் வந்தார். இரண்டு எருமையும் ஒரு சிந்து மாடும் வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். நான் நோட்டை விரித்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், நம்ம சொசைட்டில பால்ல ஃபேட்டு பாக்கறாப்லதானுங்க இது?" என்றார். ஏறக்குறைய அதுதான். வீட்டில் தயிரைச் சிலுப்பி வெண்ணெய் எடுத்து, முருங்கைக்கீரை போட்டு உருக்கினால் கொழுப்பு தனியாக வந்துவிடும். ஆனால் பால் பாலாக இருக்காது. சொசைட்டியில் அந்தக் காலத்தில் அமிலம் ஊற்றிச் சுழற்றி அளப்பார்கள். அந்தக் கொஞ்சம் பாலும் வீண்தான். எம்.ஆர்.ஐ. செய்வது, பால் பாத்திரத்திலேயே இருக்க, ஒரு சொட்டுக்கூட எடுக்காமல், அதில் எத்தனை பங்கு வெண்ணெய் என்று சொல்வது.

"அப்ப அக்கா எலும்புல வெண்ணெய் இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?" என்று கேட்டார் மைத்துனர். கேள்வி என்றால் இதுதான் கேள்வி.

முள்ளெலும்பு என்பது கல் போலக் கெட்டியானது அல்ல. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். அந்த அறைகளில் மஜ்ஜை. வயதானவர்களின் மஜ்ஜையில் தண்ணீரும் கொழுப்பும் கலந்தே இருக்கும். வயது ஏற ஏறக் கொழுப்பின் பங்கு கூடும். எலும்பு மெலிந்து நசுங்கினால் அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். புற்று வந்து உட்கார்ந்தாலும் அங்கே நீர்ச்சத்து அதிகம். ஆகவே சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தோன்றக்கூடும். வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. வெறுமனே நசுங்கிய எலும்பில் நீர் கோத்தாலும் பழைய கொழுப்பு அறைகளுக்குள் மிச்சமிருக்கும். புற்று செல்கள் வந்தால் கொழுப்பைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தண்ணீர் 70, கொழுப்பு 30 என்றால் சேர்ந்த படத்தில் 100, எதிர்ப் படத்தில் 40. வெளிச்சம் பாதிக்கு மேல் இறங்கிவிடும். புற்று கொழுப்பைத் துரத்தி, தண்ணீர் 97, கொழுப்பு 3 என்று ஆகிவிட்டால் சேர்ந்த படத்தில் 100, எதிர்ப் படத்தில் 94. வெளிச்சம் இறங்கவே இறங்காது. பொதுவாக 20 சதவீதத்துக்கும் அதிகமாக இறங்கினால் நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதுவே கடைசித் தீர்ப்பு அல்ல. எலும்பின் வடிவம், மற்றப் படங்கள், பழைய வரலாறு எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. சந்தேகம் தீராவிட்டால் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே மைத்துனருக்கு நான் சொன்ன பதில்: "இருந்தா நல்லது மாப்ளே. வெண்ணெய் இருக்கோணும்னு குருநாதசாமிய வேண்டிக்கோங்க." வாழ்நாள் முழுவதும் கொழுப்பு ஆகாது, கொழுப்பு ஆகாது என்று கேட்டுக்கேட்டு அலுத்த காதுகளுக்கு இது புது மாதிரி வேண்டுதல்தான். மனைவி அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் முள்ளெலும்புகள் அடுக்கி வைத்த சாம்பல் நிறப் பெட்டிகள் மாதிரி. இரண்டாவதில் எல்லாமே இருண்டிருந்தன. நசுங்கிய எலும்பு மற்றவற்றின் அளவுக்கு இல்லை, ஆனால் அதுவும் நன்றாகவே இருண்டிருந்தது. "நாப்பது சதவீதத்துக்கு மேல எறங்கியிருக்கு. மத்த படங்களும் ஒத்துப்போகுது. இது எலும்பு மெலிஞ்சதால வந்ததுதான். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றார். இருட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன் இல்லை.

மெலிவுக்குக் காரணமும் சொன்னார். வயது ஒன்று. அந்த ஐந்து வருஷம் தினமும் விழுங்கிய மாத்திரை இன்னொன்று. புற்று திரும்பாமல் காக்க, உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை அது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் மெலியும். உயிரைக் காத்த மருந்தே எலும்பைக் கொஞ்சம் அரித்துவிட்டது. அதற்காக அந்த மருந்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பிறகு எலும்பின் அடர்த்தி அளந்தார்கள். கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கு ஓர் ஊசி என்று சிகிச்சை ஆரம்பமாயிற்று. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் நீர் வற்றி, கொழுப்பு தன் இடத்துக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தது.

அன்று இரவு அவளிடம் கேட்டேன்: "ஒருவேளை வேற மாதிரி வந்திருந்தா, நெசமாவே போயிருக்க மாட்டியா?" கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அந்த நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்ததப் பாத்தனுங்க. போயிருப்பனாட்ட இருக்குது" என்றாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதை எழுதுவது டாக்டர் வேலை பார்க்க அல்ல. நம் வயதுக்காரர்களுக்குப் பயன்படக்கூடிய மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: பழைய ஸ்கேன் பிலிம், சி.டி., ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். புதுப் படத்துக்கு அர்த்தம் வருவது பெரும்பாலும் பழைய படத்தோடு ஒப்பிடும்போதுதான். பழைய நோய், பழைய மருந்து எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அந்தக் கூடுதல் இரண்டு படங்களை அவர் கேட்டதே பழைய வரலாறு தெரிந்ததால்தான்.

இரண்டு: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் பேஸ்மேக்கர், காதில் பொருத்திய கருவி, மூளையில் போட்ட கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூள் இருந்தால் உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்று: கல்லீரலில் கொழுப்பு என்று பலருக்கும் இப்போது ரிப்போர்ட் வருகிறது. அது எத்தனை சதவீதம் என்று ஊசி குத்தாமல் அளப்பதும் இதே தண்ணீர்–கொழுப்புக் கணக்கின் வளர்ச்சிதான். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் கொழுப்பு அதிகம் என்கிறார்கள். எலும்பில் கொழுப்பு இருந்ததற்காக நாங்கள் சந்தோஷப்பட்டோம். கல்லீரலில் இருந்தால் நடக்கத் தொடங்குங்கள். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும்.

வீட்டுக்காரி இப்போது குடம் தூக்குவதில்லை. அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் புதுச்சேரிப் பதிவேட்டு அறையின் கதை ஒன்றோடு சந்திக்கிறேன்.